சைக்கிளில் போய் அடிபட்டால் நஷ்டஈடு பெறுவது எப்படி?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சு)



நெல்லுக்கு எந்த உரம், தென்னைக்கு எந்த மருந்து என்று கேட்கிற நேரத்தில் கோர்ட்டு விவகாரம் பேச ஒரு வக்கீல் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். நானும் வயல்காட்டு வீட்டிலே பிறந்தவன்தான். வயலுக்குள்ளே நடப்பதைப் பற்றிச் சொல்ல வேளாண்மை அதிகாரிகள் இருக்கிறார்கள். வயலுக்குப் போகிற ரோட்டில் நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பண்பொழி. திருமலை முருகன் கோவில் மலையின் அடிவாரம். எங்கள் பக்கத்தில் விடியுமுன்னே ரோட்டுக்கு வருவது சைக்கிள்தான். பால் கேன் கட்டின சைக்கிள், புல்லுக்கட்டு ஏற்றின சைக்கிள், மண்வெட்டியைக் குறுக்கே செருகின சைக்கிள். அதே ரோட்டில்தான் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற லாரியும் வேனும் வந்து சேர்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் சுற்றுலாக் கார்கள். கார்த்திகை, மார்கழியில் மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்குப் போகிற ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். இத்தனைக்கும் நடுவிலே ஓரமாகப் போகிற மனுஷன் நம்ம சைக்கிள்காரர். அடிபட்டால் அவருக்குச் சட்டத்திலே என்ன வழி இருக்கிறது?

என் சித்தப்பாவுக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 2023 மார்கழி மாசம். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு வேன் பின்னால் வந்து தட்டிவிட்டது. டிரைவர் நல்ல மாதிரி. தூக்கி உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடவைத்தார். டீக்கடையில் நாலு பேர் கூடினார்கள். “அண்ணாச்சி, போலீசு கீலீசுன்னு போனா ரெண்டு பேருக்குந்தான் அலைச்சல். பேசி முடிச்சிரலாம்” என்றார்கள். 5,000 ரூபாய் கைக்கு வந்தது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போனது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, “சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்” என்று சித்தப்பாவே சொல்லிவிட்டார். அந்த டிரைவருக்குத் தொந்தரவு வரக்கூடாதாம்.

முழங்கால் ஆறவில்லை. மூன்றாம் மாசம் ஆப்பரேஷன். ஒரு பசுமாடு விலைக்குப் போயிற்று. எட்டாம் மாசம் என்னிடம் வந்தார். “ஏன் சித்தப்பா முதல்லயே சொல்லல?” என்றேன். “ஒன்னய எதுக்குல கோர்ட்டு கச்சேரின்னு அலைய விடணும்?” என்றார். கோர்ட்டே எனக்குத் தொழில்! அவர் கையிலே வண்டி நம்பர் கிடையாது, போலீஸ் ரசீது கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘சைக்கிளிலிருந்து விழுந்தார்’ என்றிருக்கிறது. யார் மேலே மனுப் போடுவது? இன்றைக்கும் அவரால் குந்தி உட்கார்ந்து நாற்றுப் பிடுங்க முடியாது. அது போல இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் இந்தப் பேச்சு.

பணம் கொடுப்பது யார்?

நம்மிலே பல பேருக்கு ஒரு தயக்கம் உண்டு. “அந்த டிரைவரும் ஏழைதானே, அவன் வயித்துல அடிக்கணுமா?” என்று. நல்ல மனசுதான். ஆனால் விஷயம் அப்படி இல்லை. ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும், மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வந்த ஏற்பாடு. இப்போதுள்ள 1988-ஆம் வருஷச் சட்டத்திலும் உண்டு. அந்த ‘மூன்றாம் நபர்’ வேறு யாரும் இல்லை, நீங்களும் நானும்தான். ரோட்டில் நடப்பவர், சைக்கிளில் போகிறவர், வண்டிமாடு ஓட்டுகிறவர். வண்டிக்குச் செல்லுபடியாகிற காப்பீடு இருந்தால் பணம் வருவது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து. உங்களைப் போன்றவர்களுக்காகவே கட்டப்படுகிற பணம் அது.

இடித்தது அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகமே கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கொடுக்காததால் அரசு பஸ் ஜப்தி என்று பத்திரிகையில் படித்திருப்பீர்களே, அது இந்த வகை வழக்குதான்.

லாரி, பஸ் மட்டும் என்றில்லை. மோட்டார் சைக்கிள் இடித்தாலும், டிராக்டர் இடித்தாலும் சட்டம் ஒன்றுதான். இன்னொரு சந்தேகம்: “சைக்கிளுக்கு நம்மகிட்ட லைசென்ஸ் இல்லையே, இன்சூரன்ஸ் இல்லையே” என்பார்கள். சைக்கிளுக்கு அவை தேவையே இல்லை. அதைக் காட்டி யாரும் உங்கள் உரிமையை மறுக்க முடியாது.

முதல் இரண்டு நாள்

நாற்றங்கால் சரியாக இருந்தால்தான் நடவு சரியாக வரும். இந்த வழக்குக்கு நாற்றங்கால் முதல் இரண்டு நாள். அதிலே நாலு வேலை.

ஒன்று, வண்டி நம்பர். அடிபட்டவரால் முடியாது, பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் போன் இருந்தால் வண்டியையும் சைக்கிள் கிடக்கிற இடத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டு, சிகிச்சை. 108-க்குக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சை அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். தூக்கிக்கொண்டு போகிறவர் பயப்பட வேண்டாம். உதவி செய்தவர் தம் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டத்தின் 134-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

மூன்று, டாக்டரிடம் சொல்லும் முதல் வார்த்தை. இதுதான் மிக முக்கியம். ஆஸ்பத்திரியில் ஒரு விபத்துப் பதிவேடு எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பது அதன் நகல். எப்படி அடிபட்டது, எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் ஏறும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். “வடகரை ரோட்டில் சைக்கிளில் வரும்போது பின்னால் வந்த வேன் இடித்தது, நம்பர் இன்னது” என்று சொல்லுங்கள். ‘விழுந்துட்டேன்’ என்ற ஒரே வார்த்தையை எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டில் எடுத்து நீட்டுவார்.

நாலு, போலீஸ் நிலையத்தில் புகார். முதல் தகவல் அறிக்கை போட்டு அதன் நகலைக் காசில்லாமல் தரவேண்டும். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டார் கொடுக்கலாம், பார்த்தவர் கொடுக்கலாம். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, போலீசாரே 48 மணி நேரத்துக்குள் ஒரு முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஆனாலும் அவர்கள் அனுப்புவார்கள் என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. மழை பெய்யும் என்று மடையைத் திறக்காமல் இருப்போமா?

ஆறு மாதக் கெடு

1994-இல் சட்டத்தைத் திருத்தி, மனுப் போடக் கெடுவே இல்லை என்று ஆக்கினார்கள். அந்த ஞாபகத்திலே, “எப்ப வேணும்னாலும் போட்டுக்கிடலாம்” என்று சொல்கிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பழைய கதை. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று கெடு வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. அங்கே என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கால் ஆறட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளாமல், கட்டுப் பிரிக்குமுன்னே மனுவைப் போட்டுவிடுங்கள். சிகிச்சை ரசீதுகளைப் பின்னாலும் சேர்க்கலாம்.

எந்த ஊர்க் கோர்ட்டு? விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம், எதிர்மனுதாரர் இருக்கும் இடத்திலும் போடலாம். எங்கள் பக்கத்துக்கு இது பெரிய சௌகரியம். ஆரியங்காவில் வைத்து ஒரு கேரள வண்டி இடித்திருந்தாலும், பண்பொழிக்காரர் கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. தென்காசியிலேயே மனுப் போடலாம்.

எவ்வளவு கிடைக்கும்?

“கோர்ட்டிலே என்னத்தக் குடுக்கப் போறான்” என்கிறவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

45 வயது உழவர் ஒருவர். மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று கோர்ட்டு ஒத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 முதல் 50 வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவருக்கு, வருங்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு. ஆக மாதம் 15,000, வருஷத்துக்கு 1,80,000. முழங்கால் போனதனால் அவருடைய சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் குறைந்தது என்று தீர்மானித்தால், வருஷ இழப்பு 54,000. வயதுக்குத் தக்கபடி இதை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த பட்டியலில் 41 முதல் 45 வயதுக்கு அந்த எண் 14. பெருக்கினால் 7,56,000 ரூபாய். இதற்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவு, துணைக்கு இருந்தவர் செலவு, வேலைக்குப் போகாத நாள் கூலி, பட்ட வேதனைக்கு ஒரு தொகை எல்லாம் தனி. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் போட்டுத் தரச் சொல்லலாம். இப்போது டீக்கடையில் வாங்கின 5,000-ஐ இதன் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

அதே உழவர் இறந்து, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். மீதி 1,20,000-ஐ 14-ஆல் பெருக்கினால் 16,80,000. ஈமச் செலவு முதலியவை தனி.

கவனியுங்கள், டாக்டர் எழுதுகிற ஊனச் சதவீதம் வேறு, சம்பாத்தியத்தில் ஏற்படும் நஷ்டம் வேறு. 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இடது கை போனால் மேஜை முன் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தாவுக்கு நஷ்டம் குறைவு. தச்சருக்கோ டிரைவருக்கோ ஏறக்குறைய முழு நஷ்டம். ஆகவே நீங்கள் செய்கிற வேலை என்ன என்பதைக் கோர்ட்டில் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ‘விவசாயம்’ என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தாதீர்கள். நாற்றுப் பிடுங்குவேன், வரப்பு வெட்டுவேன், மூட்டை தூக்குவேன், தென்னையில் ஏறுவேன் என்று சொல்லுங்கள். முழங்கால் மடங்காதவர் இதில் எதைச் செய்வார் என்று நீதிபதி யோசிக்க வேண்டும்.

“வருமானத்துக்கு நம்மகிட்ட ஏது ரசீது?” இதுவும் நியாயமான கேள்விதான். கர்நாடகத்தில் ஒரு காய்கறி வியாபாரி விபத்தில் காலை இழந்தார். தெருவில் காய்கறி விற்பவர் வருமானத்துக்குச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று தானே கணக்கிட்டது. அதற்காக இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். பால் சங்கத்து அட்டை, கமிஷன் கடைச் சீட்டு, கூலி ஏறின வங்கிப் புத்தகம், சிட்டா, அடங்கல் எல்லாம் உதவும்.

சொந்த நிலம் உள்ளவர் இறந்தால் எதிர்த்தரப்பார், “நிலம்தான் அப்படியே இருக்கிறதே, என்ன நஷ்டம்?” என்பார்கள். நிலம் இருக்கும், அதைப் பாடுபட்டுப் பார்த்தவர் இல்லையே. அந்த உழைப்புக்கும் மேற்பார்வைக்கும் விலை உண்டு என்பதை 2003-இல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டிருக்கிறது. வீட்டு வேலை மட்டும் பார்க்கிற தாய்மார்களின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021-இல் மறுபடி அழுத்திச் சொல்லியிருக்கிறது.

இரண்டு வழி, எது நல்லது?

இன்னொரு சுருக்கு வழி உண்டு. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். 164-ஆம் பிரிவு. 1982-இல் இந்த ஏற்பாடு முதலில் வந்தபோது இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 என்றிருந்தது. சாட்சியே இல்லாதவருக்கும், தன் பேரில் தவறு உள்ளவருக்கும் இது நல்ல துணை. ஆனால் இதை வாங்கிக்கொண்டால் பெரிய மனு முடிந்துபோகும். ஆகையால் அவசரத்தில் கையெழுத்துப் போடாமல், கணக்குப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

டிரைவர் மேல் போட்ட கிரிமினல் கேஸ் தள்ளுபடியாகிவிட்டது என்றாலும் மனம் தளர வேண்டாம். நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. இரவு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மின்கம்பியில் பஸ் பட்டுப் பலர் இறந்தார்கள். டிரைவர் விடுதலையானார். ஆனாலும் நஷ்டஈடு கொடுத்தே தீரவேண்டும் என்று 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். தண்டனைக்கு வேண்டிய சாட்சியம் வேறு, நஷ்டஈட்டுக்கு வேண்டிய சாட்சியம் வேறு.

வண்டி நிற்காமல் போய்விட்டால்

மழையிலோ இருட்டிலோ இடித்துவிட்டு ஓடிவிட்டது, நம்பர் தெரியவில்லை, போலீசாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதும் கதவு மூடிவிடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் பகுதி வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். ஆட்சியர் உத்தரவுக்குப் பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பிற்பாடு வண்டி அகப்பட்டால் பெரிய மனுவும் போடலாம். வாங்கின தொகையை மட்டும் கழித்துக்கொள்வார்கள். இதற்கும் போலீஸ் புகாரும் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நம் பக்கத்துத் தவறு

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். விளக்கில்லாமல் போனார், வலப்பக்கம் ஏறினார், கையைக் காட்டாமல் திரும்பினார் என்பார். அது நிரூபணமானால் உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்றபடி தொகை குறையும். மும்பையில் பஸ் மோதி இறந்த ஒரு சைக்கிள்காரப் பையனின் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ஒரு பகுதியைக் கழித்தது. நாலில் ஒரு பங்கு தவறு நம்முடையது என்றால், முன்னே சொன்ன 7,56,000-இல் 1,89,000 போய்விடும். ஒரு காலத்தில் சைக்கிளில் விளக்கில்லை என்றால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று டைனமோ மாட்டி வைத்திருந்தோம். அந்தப் பயம் போனதும் விளக்கும் போய்விட்டது. பின் மட்கார்டில் சிவப்பாக மின்னும் ஒரு வில்லை வாங்கி ஒட்டுங்கள். புல்லுக்கட்டு அதை மறைக்காமல் கட்டுங்கள். உயிருக்கும் அதுதான் காவல், வழக்குக்கும் அதுதான் சாட்சி.

வக்கீலுக்குப் பணம்?

ஆஸ்பத்திரி வாசலிலேயே சில தரகர்கள் வந்து, “நான் எல்லாம் பாத்துக்கிடுதேன், வர்றதுல பாதி” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கிடைக்கிற தொகையில் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிக்கே விரோதம். வெற்றுத்தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வேண்டாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் வருஷச் சட்டப்படி வக்கீல் இலவசம். கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிப்பதும் நல்ல வழிதான். டீக்கடைச் சமரசம் போல அல்ல. அங்கே எழுதின தொகைக்குக் கோர்ட்டுத் தீர்ப்பின் பலம் உண்டு. ஆனால் ஒருமுறை ஒத்துக்கொண்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது. தலையாட்டுமுன் தொகையை வீட்டிலே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.

நேயர்களே, இடித்தவரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் போங்கள், நன்றியும் சொல்லுங்கள். ஆனால் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள், ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள்.

என் சித்தப்பா இப்போதும் சாயங்காலம் வாசல் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சைக்கிளில் போகிற பையன்களைக் கூப்பிட்டு நிறுத்தி, “ஏல, வெளக்கு இருக்கா? எவனும் இடிச்சா மொதல்ல நம்பர எழுது, என்னய மாதிரி நல்லவனா இருந்துராத” என்கிறார். நான் இவ்வளவு நேரம் பேசினதை அவர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்.